செத்தவனுக்கு இரண்டு நாள் காவல்

அம்பரீன் எங்கள் பட்டைமேட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மே மாத வெயில். தார் ரோடு இளகிக் கிடந்தது.

"ஏம்மா, கால் வெந்துடும். போட்டுக்கினு வா" என்றேன்.

"இல்ல அங்கிள். உங்க முன்னோருங்க படுத்திருக்கிற இடம். செருப்போட எப்படி வர்றது?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். முப்பத்தெட்டு வருஷம் தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவன் இருமினால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

அம்பரீன் மேல்விஷாரத்துப் பெண். வெளிநாட்டில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஆம்பூர்ப் பக்கம் தோல் வேலை செய்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி. பாதி நாள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களைப் புரட்டுவாளாம். மீதி நாள் எங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசுவாளாம்.

"காகிதம் சொல்றத ஆளுங்ககிட்ட கேக்கணும். ஆளுங்க சொல்றத காகிதத்துல தேடணும். அதான் அங்கிள் என் வேலை."

"ரெண்டுமே பொய் சொன்னா?"

"அப்பதான் ரொம்ப நல்லாருக்கும்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கொண்டுவந்தது 1911ஆம் வருஷத்துச் சர்க்கார் கடிதம் ஒன்றின் நகல். எங்கள் ஆற்றங்கரை நிலம் இரண்டு ஏக்கரில் தோல் தொட்டி வெட்ட வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கேட்டிருக்கிறது. பார்வையிட வந்த சப்-கலெக்டர் துரையின் குதிரைக்கு முன்னால் தெருவே விழுந்து, "இது எங்க பொணத்தப் பொதைக்கிற எடம் சாமி" என்று அழுதிருக்கிறது. துரைக்குச் சந்தேகம். சனிக்கிழமை மறுபடி வந்திருக்கிறான். அன்றைக்குப் பார்த்து ஒரு சாவு. குள்ளன் மகன் வேடியன், வயது முப்பது, சுண்ணாம்புத் தொட்டி வேலை. துரையின் கண்ணெதிரே புதைத்தார்கள். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பார்த்தவன், 'இவர்களுடைய துக்கம் உண்மையானது, நாற்றமும் உண்மையானது. இந்த இடுகாட்டைத் தொட வேண்டாம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

அவள் தமிழில் சொல்லச் சொல்லப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் நவநீதன்தான் எங்கள் தெருவுக்குத் தலைவர் மாதிரி. அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"அந்தக் காலத்துலயே துரையத் திருப்பி அனுப்புன பரம்பரை பெரியப்பா நாம!"

மறுநாளே பிளக்ஸ் வந்துவிட்டது. 'முன்னோர் உறங்கும் புனித பூமி.' கீழே கைகூப்பியபடி நவநீதன் படம், முன்னோரைவிடப் பெரிதாக.

இப்போது அந்த இரண்டு ஏக்கரில்தான் என் வீடு உட்பட முப்பத்தெட்டு வீடுகள் நிற்கின்றன. ஒன்றுக்கும் பட்டா கிடையாது. இருபது வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை மனுவோடு துரையின் கடித நகலையும் சேர்த்துக் கொடுத்தான் நவநீதன்.

நான் பேசாமல் இருந்தேன். பேசியிருக்க வேண்டும். எனக்கு உண்மை தெரியும்.

எங்கப்பா குடித்தால் மட்டும் சொல்கிற கதை அது. அந்த இடத்தில் ஒரு பிணமும் கிடையாது. அது தெருவே காலையில் ஒதுங்குகிற இடம். தொட்டி வெட்டிவிட்டால் பெண்கள் எங்கே போவார்கள்? இதைத் துரையிடம் சொன்னால் சிரிப்பான். அதனால்தான் இடுகாடு என்றார்கள். சனிக்கிழமை வருகிறேன் என்று அவன் சொன்னதும் பேஜாராகிவிட்டது. சனிக்கிழமைக்குள் சாக யாரும் தயாராக இல்லை. டேனரியில் உப்புப் பிடிக்காமல் அழுகிப்போன தோல்கட்டு ஒன்றைத் தூக்கிவந்து, துணி சுற்றி, மாலை போட்டார்கள். தோல் காணாமல் போனது மேஸ்திரிக்குத் தெரிந்தால் முதுகுத்தோல் உரியுமே என்று நினைத்து நினைத்து அழுதார்கள். அதுதான் துரை எழுதிய உண்மையான துக்கம்.

துரையோடு வந்த குமாஸ்தா, "செத்தவன் பேர் என்ன?" என்று கேட்டான். அதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. பயத்தில் ஒரு கிழவன், எதிரே தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தவன் பேரைச் சொல்லிவிட்டான். வேடியன் தன் சாவுக்குத் தானே அடித்தான். அவன் என் தாத்தாவுக்கு அப்பன்.

அம்பரீன் வந்த அன்றைக்கே சொல்லலாம் என்று வாயெடுத்தேன். என் மனைவி கெங்கம்மாள் தொடையில் கிள்ளினாள்.

"சும்மா இருய்யா. அந்தப் பொண்ணு காலு வெந்து நிக்குது. அதுகிட்ட போயி இது கக்கூஸுன்னு சொல்லுவியா?"

இரண்டு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. நான் எழுத்துக் கற்றுக்கொண்டதே நாற்பத்தேழு வயதில், யூனியன் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கெட்ட செய்தி மெதுவாகத்தான் வந்து சேரும். 'மனுதாரர்களே இணைத்துள்ள ஆவணத்தின்படி மேற்படி நிலம் இடுகாடு என்பதால் பட்டா வழங்க இயலாது. ஆக்கிரமிப்பு வீடுகளை ஏன் அகற்றக் கூடாது என்பதற்கு…'

நவநீதன் சுவரில் சாய்ந்துவிட்டான். "பெரியப்பா, அந்தத் துரை நம்மளப் பொதைச்சிட்டாம்பா."

"துரை செத்து எவ்ளோ காலம் ஆச்சு. பொதைச்சது நீதான்டா. அதுவும் நகல் எடுத்து."

பிறகு அவனிடம் உண்மையைச் சொன்னேன். ஓடிப்போய் முதல் வேலையாகப் பிளக்ஸைக் கழற்றினான். தாசில்தாரிடம் போனோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அதிகாரி நேர்ல பாத்து எழுதுன ரெக்கார்டு அது. நீங்க சொல்றது வாய்ப்பேச்சு. போன மாசம் புனித பூமி, இந்த மாசம் வேற. அடுத்த மாசம் இன்னா சொல்வீங்க?" விசாரணைக்கு மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்.

அம்பரீனுக்குப் போன் போட்டேன். மறுநாள் வந்தாள். செருப்பைக் கழற்றப் போனவளை, "போட்டுக்கோம்மா, தேவையில்ல" என்று தடுத்து, கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருஷப் படிப்பு வீணாகிவிட்டது, அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அங்கிள், நான் இதுமேலதானே உக்காந்திருக்கேன்?"

"நூறு வருஷம் ஆச்சும்மா. காஞ்சிருக்கும்."

துடைத்துக்கொண்டு எழுந்தவள் நோட்டை எடுத்தாள். "வேடியன் அதுக்கப்புறம் உயிரோட இருந்தாருன்னு எழுத்துல காட்டணும். கோர்ட்டு, போலீஸ், ஆஸ்பத்திரி… எங்கியாவது மாட்டினாரா?"

எனக்கு முதுகு நிமிர்ந்தது. எங்கள் குடும்பத்தில் இருந்த ஒரே பெருமை அது. "ரெண்டு நாள் லாக்கப்புல இருந்தாரும்மா. துரைய அடிச்சதுக்கு." என் மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். சீர்வரிசை கம்மியாக இருந்ததால் பரம்பரையைக் கொஞ்சம் ஜாஸ்தியாகக் காட்ட வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள். "கெடச்சிடுச்சு அங்கிள்." குரல் இழுத்தது. "ஆனா… துரைய அடிச்சதுக்கு இல்ல."

விசாரணை அன்றைக்குத் தாலுகா ஆபீசில் தெருவே நின்றது. சம்பந்தி வேறு வந்திருந்தார். அவர் தம்பி வீடும் அந்த முப்பத்தெட்டில் ஒன்று. அம்பரீன் நகலையும், அதற்கு அவள் எழுதிய தமிழையும் நீட்டினாள். தாசில்தார் வாங்கவில்லை.

"அவரு பரம்பரைன்னு சொல்றீங்க. அவரே படிக்கட்டும்."

நவநீதன் காதோரம், "நான் படிக்கட்டா பெரியப்பா?" என்றான். வேண்டாம் என்று தலையாட்டினேன். காகிதத்தில் விரலை வைத்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு. பட்டைமேட்டுச் சேரி, குள்ளன் மகன் வேடியன். வயது முப்பத்து மூன்று. சுண்ணாம்புத் தொட்டி வேலை. கம்பெனி வேலிக்கு மேற்கே, ஆற்றங்கரை இரண்டு ஏக்கர் நிலத்தில்…" அங்கே ஒரு வார்த்தை வந்தது. எழுத்துக் கூட்டுவதில் கஷ்டமில்லை. சம்பந்தி முகத்தைப் பார்த்தேன். பிறகு முப்பத்தெட்டு வீட்டையும் நினைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். "…மலம் கழித்த குற்றம். விசாரித்ததில், 'எங்க தெரு சனமெல்லாம் எப்பவும் இங்கதான் போவுது' என்று கைதி சொன்னான். இரண்டு நாள் காவல்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கெங்கம்மாள் குரல் மாதிரிதான் இருந்தது.

தாசில்தார் உதட்டைக் கடித்துக்கொண்டார். "ரெண்டு வேடியன் இருந்திருக்கலாம் இல்லியா?"

அம்பரீன் முந்திக்கொண்டாள். "துரை ஃபைல்லயே வீட்டுக் கணக்கு இருக்கு சார். மொத்தம் பதினோரு வீடு. ஒரே குள்ளன். அவருக்கு ஒரே பையன்."

"சாவு 1911ல. குற்றம் 1914ல."

"ஆமா சார்."

"செத்தவன் மூணு வருஷம் கழிச்சு…"

"ரொம்ப நாள் அடக்கி வெச்சிருந்திருப்பாரு சார்" என்றான் நவநீதன். அதற்குமேல் தாசில்தாராலும் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதினார். மேற்படி நிலம் இடுகாடு அன்று. நோட்டீஸ் ரத்து. பட்டா மனு மறுபரிசீலனைக்கு.

வெளியே வந்ததும் சம்பந்தி என்னை ஓரம் கட்டினார். "துரைய அடிச்சாருன்னு சொன்னியே?"

"வேலியோரமா குந்தும்போது அந்தப் பக்கம் துரை நின்னுருப்பான் சம்பந்தி. நாத்தம் அடிச்சிருக்கும்."

அவர் என்னோடு டீ குடிக்காமல் போய்விட்டார். தம்பி வீடு தப்பித்ததால் அப்புறம் வருவார்.

பஸ் ஸ்டாண்டில் அம்பரீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்கிள், ஆராய்ச்சியில எழுதும்போது ஆளுங்க பேர மாத்திடுவோம். உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு. வேடியனுக்கு வேற பேர் வெச்சிடட்டா?"



"வேணாம்மா. அவசரத்துல ஒருத்தர் பேர மாத்திச் சொன்னதுக்கு நூறு வருஷம் கழிச்சு நாங்க அலைஞ்சிட்டோம். வேடியன்னே போடு."

"லாக்கப்புல போட்ட காரணம்?"

"அதையும் போடு. இன்னா, அத மட்டும் இங்கிலீஷ்ல போடு."

வீட்டுக்கு வந்தபோது கெங்கம்மாள் நவநீதன் கழற்றிப் போட்ட பிளக்ஸை எடுத்து, கதவில்லாத எங்கள் கக்கூஸுக்கு மறைப்பாகக் கட்டிக்கொண்டிருந்தாள். 'புனித பூமி' உள்பக்கமாக வரும்படி.

"தனியா குந்தினிருக்கும்போது படிக்க ஒனக்கு எதுனா வேணும் இல்ல?" என்றாள்.