பூத்த முருங்கையில் சீனித்தண்ணி

வகுப்பு எடுப்பதென்றால் சந்தனச்செல்விக்குக் கொண்டாட்டம்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒரு முருங்கைத் தோட்டத்துக்குள் முப்பது தேன்பெட்டிகள் வைத்திருக்கிறாள். விற்கும் தேன்குப்பியில் ஒட்டும் சீட்டில் அவள் பெயர்தான் இருக்கும். அன்று தேனீ வளர்ப்பு கற்றுக்கொள்ள மணப்பாட்டிலிருந்து ஏழு பெண்கள் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். அடுத்த வாரம் வரவேண்டியவர்கள். கோயில் திருநாள் வேலை இருக்கிறதென்று முந்திக்கொண்டார்கள். தூத்துக்குடிக் கடைகளுக்குக் குப்பி போடப் போயிருந்த அவள் கணவன் செந்தூர்வேலுக்கு இது தெரியாது.

முதல் பெட்டியைத் திறந்து புகை காட்டினாள். "கீழ இருக்கது புழு அறை. ராணி முட்டை போடுத எடம். அதுல நாம கை வைக்கக் கூடாது. மேல இருக்கது தேன் அறை. அதுதான் நம்ம பங்கு. இந்தா, தடியனா ஒருத்தன் நடக்கான் பாருங்க, இவன்தான் ஆண் தேனீ. கூட்டுக்குள்ள ஒரு வேலையும் பாக்க மாட்டான்."

"எங்க வீட்லயும் ஒண்ணு அப்பிடித்தான் கெடக்கு" என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான எமில்டா. எல்லாரும் சிரித்தார்கள்.

"பூ இல்லாத மாசத்துல ஈ பட்டினி கெடக்கும். அப்ப தேங்காச் சிரட்டையில சீனித்தண்ணி வைக்கணும். ஆனா அந்த மாசம் தேன் எடுக்கவே கூடாது. எடுத்தா அது தேன் இல்ல, வெறும் சீனி."

அடுத்த பெட்டியைத் திறக்கும் ஆசையில் எமில்டா முந்திக்கொண்டு மூடியைத் தூக்கினாள். தேன் அறைக்கு மேலே ஒரு சிரட்டை இருந்தது. அதைச் சுற்றித் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன.

"அக்கா, முருங்க இப்பிடிப் பூத்துக் கொட்டுதே. இது எதுக்கு?"

சந்தனச்செல்வி சிரட்டையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சீனித்தண்ணி. மூன்றாம் பெட்டியிலும் சிரட்டை. நான்காம் பெட்டியிலும் சிரட்டை. சட்டங்களில் அடை நிறையத் தேன், அழகாக மெழுகு மூடி போட்டிருந்தது. இந்தப் பூவுக்குத் தேன் இப்படிப் பெருகுகிறதே என்று ஒரு மாதமாகப் பூரித்துப் போயிருந்தவள் அவள். 'சாயங்காலம் நீ அலைய வேண்டாம், பெட்டிய நான் பாத்துக்கிடுதேன்' என்று செந்தூர்வேல் சொன்னதை, என்ன பாசம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவளும் அவள்தான். பதினாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவன் இப்படிச் செய்வான் என்று யார் நினைப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து அவன் பைக் வந்து நின்றது. திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. அவளை ஒரு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏளா, கூப்பாடு போடாத. நான் என்ன தேன்ல சீனியக் கலந்தேனா? ஈதான் குடிச்சுது, ஈதான் அடையில வச்சுது, ஈதான் மூடுச்சு. பூவுல குடிச்சா என்ன, சிரட்டையில குடிச்சா என்ன?"

"எங்கிட்டக் கூடச் சொல்லலியே."

"சொன்னா நீ விடுவியா? சரி, வகுப்புக்குக் காட்டணும்னு வச்சதுன்னு சொல்லிரு. அவ்வளவுதான், முடிஞ்சுது."

சுலபமான பொய்தான். சொல்லியிருந்தால் அந்த ஏழு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு நம்பியிருப்பார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னவன் இப்போது அவளையும் துணைக்குக் கூப்பிடுகிறான்.

அவள் திரும்பி வந்தபோது எமில்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் எங்க மாமிக்கு இருமலுக்குன்னு உங்க பேரப் பாத்துத்தான் ஒரு குப்பி வாங்குனேன். அதுவும் இதானா?"

சந்தனச்செல்வி திரும்பினாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

"அதுவும் இதான், எமில்டா. தேன் இல்ல. எனக்குத் தெரியாமத்தான் நடந்துது. ஆனா குப்பியில இருக்கது எம் பேரு."

"வீட்டு விசயத்த ஊருக்கு முன்னாலயா சொல்லுவ?" என்று செந்தூர்வேல் பதறினான்.

"இது வீட்டு விசயமா? வீட்டோட இருந்தா நீங்களும் நானும் மட்டும் குடிச்சிருப்போம். ஊருக்குல்லா வித்திருக்கிய! பொய் தெரியாத ஈயையும் பொய் சொல்ல வச்சிட்டியளே." கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்குப் பாடத்துல இதையும் எழுதிக்கிடுங்க. நம்பி வாங்குதவங்களுக்குப் பொய்ய அடைச்சுக் குடுத்தா அது களவுதான், எந்தக் கை கலந்தாலும். தெரிஞ்ச பொறவும் வாய மூடிக்கிட்டு இருக்கவ கூட்டுக் களவாணி. அது புருஷனுக்காகன்னாலும் சரி."