மாமனார் நனையாத கார்

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் தும்முவதற்குக்கூட மாமனாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். தும்மலாம், சத்தம் வரக்கூடாது. அவ்வளவுதான்.

மாமனார் ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர். வாழ்நாளெல்லாம் வண்டிகளைத் தட்டிப் பார்த்து, "தேறாது" என்று திருப்பி அனுப்பியவர். மாப்பிள்ளைக்கு மலையடிவார ஊரில் வேலை கிடைத்தது. திங்களன்று சேர வேண்டும். பெண்டாட்டியோடு தனிக்குடித்தனம்! பெரியவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"நம்ம பழைய காரையே எடுத்துக்குங்க மாப்ள. அங்க எப்பவும் மழை. உள்ள ஒரு சொட்டு விழாம பண்ணிட்டு எம்பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

அந்தக் கார் சல்லடைக்கு அண்ணன். மாப்பிள்ளை முதலில் ஓட்டைகளில் பட்டி பூசினான். வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. அடுத்து, குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய சிலிக்கான். புளித்த காடி வாடை குமட்டியது. மேலே அடித்த பெயின்ட் ஒட்டாமல் உரிந்து வந்தது. ஒவ்வொரு முறையும் பெரியவர் பின் சீட்டில் கால்மேல் கால் போட்டு அமர்வார், மகள் வெளியே குழாயைப் பீய்ச்சுவாள், வழுக்கையில் ஒரு சொட்டு விழும். "தேறாது."

சனிக்கிழமை காலை, ஒழுக்கை அடைக்கும் சீலன்ட் விற்கிற கடைக்கு ஓடினான். கடைக்காரம்மா சிரித்துவிட்டார்.

"பாத்ரூமுக்கு வாங்கினதைப் பூசினா கார் குளிக்கத்தானே செய்யும் தம்பி? தகடும் தகடும் சேர்ற இடத்துல துருவைச் சுரண்டிட்டு இந்தப் பாலியூரித்தேனைப் பூசு. காஞ்சாலும் வளைஞ்சு கொடுக்கும், பெயின்டும் பிடிக்கும். கதவு இடுக்குல மட்டும் பசை கிசை வேணாம், ரப்பர் பீடிங் போடு. கதவுன்னா திறக்கணும்ல?"

மாப்பிள்ளைக்கு அது எங்கேயோ சுருக்கென்றது.

அன்று முழுக்க அவன் கால்கள் மட்டுமே எங்கள் கண்ணில் பட்டன, மற்றதெல்லாம் காருக்குள். பீடிங் ஒட்டிக் கதவைச் சாத்தியபோது கதவுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. "ஓட்டைன்னா ஓட்டைதான், அடைங்க" என்று பெரியவர் சொல்ல, இவனும் அடைத்திருந்தான். கண்ணாடி வழியே இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை. திருப்புளியால் குத்தினான். அழுக்குத் தண்ணீர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியது. அது கடைசிவரை போவதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிறு சோதனைக்குத் தெருவே மாடியில் நின்றது. மகள் ஜென்மப் பகை தீர்ப்பதுபோலப் பீய்ச்சினாள். பெரியவர் மேல் ஒரு சொட்டு விழவில்லை. விளிம்பெல்லாம் தடவினார், முகர்ந்தார்.

"கதவு சாத்துற சத்தம் சரியில்ல."

"சத்தம் நனையாதுப்பா" என்றாள் மகள்.

"குழாய்த் தண்ணி வேற, மழை வேற. ஒரு மழை பெய்யட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

மாப்பிள்ளை அண்ணாந்தான். பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. மழைக்காலம் வர மாதங்கள் கிடந்தன. அப்படியே சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மகள் குழாயை வீசினாள். உள்ளே போய்ப் பெட்டிகளை இழுத்து வந்து டிக்கியில் திணித்தாள். ஈரத்துணியோடு முன் சீட்டில் ஏறினாள்.

"ஏங்க, வண்டிய எடுங்க. அப்பா, நீங்க கேக்குற மழை அங்கதான் பெய்யுது. வந்து பாக்குறீங்களா, எறங்குறீங்களா?"

எறங்கு, எறங்கு என்று மாப்பிள்ளை வேண்டாத தெய்வமில்லை. பெரியவர் ஆளில்லாத வீட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கார்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

"வீட்டைப் பூட்டிட்டு வாங்க மாப்ள."

கார் தெருமுனை திரும்பியது. கண்ணாடியைத் திறந்தால் சோதனை கெட்டுவிடுமாம். எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லிவிட்டார். வேலை அத்தனை சுத்தம், இம்மியளவு காற்றும் உள்ளே வரவில்லை. பின்னாலிருந்து பெரியவர் கூரை விளிம்பில் விரலை ஓட்டியபடி சொன்னார்:

"மெதுவாப் போங்க மாப்ள. ஒரு மழை போதுமா? ஒரு வருஷ மழையாவது தாங்குதான்னு பாக்கணும். அதுவரைக்கும் நான் உங்ககூடத்தானே இருக்கப் போறேன்."