மூக்குக்குள் இருந்த சிவப்பு

பஸ்ஸின் பின்கதவில் அந்தப் பெண்ணின் முகம் முக்கால்வாசி வரைந்தாயிற்று. பஸ்காரன் ஒவீடியோவின் மகளுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. பிறந்தநாள் விருந்தாளிகளை அவள் முகம் போட்ட பஸ்ஸில்தான் ஏற்றிவரப் போவதாக லா சோரேரா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். மேலுதட்டின் நிழலுக்காக ஓவியக்காரி எனெய்தா, பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷின் விசையை மெல்லப் பின்னால் இழுத்தாள். அது துப்பியது. உதட்டுக்கு மேல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள்.

“என்னக்கா, எம் பொண்ணுக்கு மீசை வைக்கிறீங்க?” என்றான் ஒவீடியோ.

“உன் சாடை வேணும்னு நீதானே சொன்னே?”

அவன் சிரித்துக்கொண்டே காபி குடிக்கப் போனான். எனெய்தா புள்ளிகளைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து ஏர்பிரஷைப் பிரித்தாள். ஊசியின் நுனி கொக்கிபோல் மடங்கியிருந்தது. பெயிண்ட் வெளிவரும் சிறிய மூக்குக்குள் தின்னர் விட்டதும் கிண்ணத்தில் சிவப்பு கரைந்து இறங்கியது.

அவள் சிவப்பைத் தொட்டு வெகு நாளாயிற்று.

பட்டறைச் சாவி இன்னொன்று அவள் கணவன் நிக்கானோரிடம் இருந்தது. ஒரு காலத்தில் பஸ்களின் பக்கவாட்டில் தீநாக்குகளை வரைந்தவன் அவன். கை நடுங்கத் தொடங்கியபின் ஒருநாள் ஏர்பிரஷை அவளிடம் கொடுத்துவிட்டு, பெயிண்ட் வாங்கிவரும் வேலையை எடுத்துக்கொண்டான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தாள்.

சுவரோரம் சாய்த்திருந்த பழைய கதவுகளை விலக்கிப் பார்த்தாள். கடைசித் தகரத்தில் புதுச் சிவப்பில் தீநாக்குகள். ஓரமெல்லாம் அலையடித்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை தவறாக விழுந்தால் இனி அவன் ஏர்பிரஷைத் தொடவே மாட்டான்.

திரும்பிவந்து, ஊசியைச் சாணைக்கல்லின்மேல் படுக்கவைத்து, நகத்தால் அழுத்தி உருட்டி உருட்டி நேராக்கினாள். நிக்கானோர் பொரித்த ரொட்டியோடு உள்ளே வந்தான். கிண்ணத்தில் இருந்த சிவப்பைப் பார்த்தான்.

“கழுவித்தான் வச்சேன்” என்றான்.

“வெளியதான் கழுவியிருக்க. மூக்குக்குள்ள யாரு கழுவுவா, எங்கம்மாவா?”

அவன் உட்கார்ந்தான். ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

“கை நிக்க மாட்டேங்குது, கிழவி.”

“தெரியுது. ஊசியை அவசரமா குத்தியிருக்க. மணிக்கட்டை மேசையில ஊணிக்கிட்டு செருகு.”

“கோடு நெளியுதே.”

“பஸ்ஸே ஆடிக்கிட்டுதான் போகப்போகுது. அளந்து பாக்க எவன் கூடவே ஓடப்போறான்?”

அவன் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

எனெய்தா ஊசியைப் பூட்டித் தன் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். மயிரிழையாக வந்தது. கதவுக்குப் போய் உதட்டை முடித்தாள். பிறகு கறுப்பை முழுக்கக் கழுவி, சிவப்பை ஊற்றி, ஏர்பிரஷை அவன் கையில் கொடுக்காமல் அவன் பக்கமாக மேசையில் வைத்தாள்.

“சக்கரத்துக்கு மேல தீ வேணும்னு ஒவீடியோ கேட்டான். எனக்கு அது வராது.”

“நீ இங்க நிக்காதே, கிழவி.”

அவள் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் மறுபுறம் போய்ப் படியில் உட்கார்ந்தாள். ஏர்பிரஷுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் நிரம்பி நின்றது. எந்தச் சத்தமும் இல்லை. ரொட்டி தீர்ந்தது. அப்புறம் ஏர்பிரஷின் ஒரு சிறிய சீறல், உடனே அடங்கியது. மறுபடி ஒன்று, இம்முறை நீளமாக. எட்டிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.