அடுத்ததுல போவோம்

ருமானா எட்டு வருடமாகப் பார்க்கும் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். பிறர் செய்து கொடுக்கும் காரியத்தை ஒருவர் தானே செய்யும்படி பழக்க வேண்டும். பிறகு பத்தடி, இருபதடி என்று பின்னால் நகர்ந்து, கடைசியில் கண்ணிலேயே படாமல் போய்விட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு தன்னையே தேவையில்லாதவளாக்கிக்கொள்ளும் உத்தியோகம் வேறெங்கும் உண்டா, தெரியவில்லை.

அன்று காலை மலேசியாவின் கிள்ளான் ரயில் நிலையத்தில், தூணுக்குப் பின்னால் அவளும் செல்வகுமாரும் நின்றார்கள். நாற்பதடி தள்ளித் தனியாக நின்றவர் செல்வகுமாரின் தம்பி லோகன். முப்பத்து நாலு வயது, ஆட்டிசம் உள்ளவர். பிரிக்பீல்ட்ஸில் அப்துல் காதரின் சாப்பாட்டுக் கடையில், கரண்டிகளை டிஷ்யூவில் சுற்றி வைக்கும் வேலை அவருக்குத் தயாராக இருந்தது. தனியாகப் போய்ச் சேர்ந்தால் வேலைக்கு அனுப்புகிறேன், இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு என்றால் வெளிப்பக்கம் பூட்டிய இரும்புக் கிரில் கதவு. அம்மா போனதிலிருந்து பத்து வருடமாக அப்படித்தான். கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது, அவருக்குப் பயம்.

செல்வகுமார் காரை நிறுத்த இடம் தேடி அரை மணி நேரத்தைத் தின்றிருந்தார். இப்போது வரும் ரயிலைப் பிடித்தால்தான் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போகலாம். ரயில் வந்தது, கதவு திறந்தது, கூட்டமே இல்லை. லோகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழியனுப்ப வந்தவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் போய்விட்டது.

"பாத்தீங்களா டீச்சர். இவனுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்லா." ஓடப்போனவரின் கையை ருமானா பிடித்து நிறுத்தினாள்.

அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. இரண்டு மாதப் பயிற்சியில் தினமும் சீக்கிரமே வந்து, முதல் ரயிலில் நெரிசல் என்று, "அடுத்ததுல போவோம்" என்று விட்டவள் அவள்தான். லோகன் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

"தப்பு அவர்கிட்ட இல்லண்ணே. மொத ரயில விடணும்னு நான்தான் பழக்கி வெச்சிருக்கேன்."

"அப்போ போயி சொல்லுங்க."

"சொன்னா நான் கூட்டிட்டுப் போனதா ஆயிடும். இன்னிக்கு அவரு போற நாளு."

தன் தவற்றை ஒப்புக்கொண்ட பிறகு, அதைத் திருத்த ஓடாமல் நிற்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். அது ருமானாவிடம் இருந்தது.

அரை மணி கழித்து வந்த ரயிலில் லோகன் ஏறினார். இவர்கள் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். பாதி வழியில் லோகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போனை எடுத்தார், என்னவோ பேசினார், திரும்பப் பையில் வைத்தார்.

"யார்கிட்ட பேசுறான்?"

ருமானாவுக்கும் தெரியவில்லை.

கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பச்சை விளக்குக்குக் காத்திருந்து சாலையைக் கடந்து, லோகன் கடைக்குள் நுழைந்தபோது ஒன்பது இருபத்தைந்து. செல்வகுமார் வேகமாகப் பின்னால் போய், "சாரி பாய், லேட்டாயிடுச்சு, இவன் வந்து..." என்று இழுத்தார்.

"தெரியும்லா. போன் பண்ணாரு. 'லோகன். லேட். வரேன்.' அவ்வளவுதான்." அப்துல் காதர் சமையலறைப் பக்கம் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "என் கடையில ஒம்பது பேரு வேலை செய்றாங்க. லேட்டாகும்னு போன் போட்டுச் சொன்ன மொத ஆளு இவருதான்."

அந்தப் பாடத்தை ருமானா ஒரே ஒரு நாள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள், படம் காட்டி. அவளே மறந்திருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

லோகன் அதற்குள் கைகழுவி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்திருந்தார். செல்வகுமார் சாவிக்கொத்தை எடுத்து, கிரில் சாவியை நகம் வலிக்கக் கழற்றி, தம்பியின் முன்னால் வைத்தார்.

லோகன் அதையும் ஒரு டிஷ்யூவில் ஒழுங்காகச் சுற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.