நான்காவது பூட்டு

தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்திருந்த ராக்கப்பனைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்கள். தொட்டி விளிம்பில் அவன் முகம் மோதிய சத்தம் வீட்டு வாசல்வரை கேட்டது. சிவசங்கரன் வாசலில் நின்று, மனைவியின் கால் கட்டைவிரல்களைக் கட்டுவதற்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தான். கிழித்து முடித்து உள்ளே கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தான்.

குடியிருப்புக்குப் பின்னால் முள்கம்பி வேலி. அதற்குள் கம்பெனி ஆளுக்கொரு துண்டு நிலம் ஒதுக்கியிருந்தது. துபாயை அடுத்த அஜ்மான் மணலில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, ஓலைத்தட்டி நிழலில் வெண்டையும் புதினாவும் போட்டிருந்தார்கள். கடைசித் துண்டு சிவசங்கரனுடையது. கொட்டகையை அவனே கட்டினான். இயந்திரங்கள் வந்த பெட்டிகளின் பலகை; நடுவில், படகு கட்டுமிடத்தில் வாங்கிய ஒரு தேக்குக் கம்பம்.

கொட்டகையை மூன்று முறை உடைத்துவிட்டார்கள். முதலில் ரப்பர் குழாய் போனது. பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு. பிறகு மண்வெட்டிகள். ஒவ்வொரு முறையும் அவன் முந்தையதைவிடப் பெரிய பூட்டு வாங்கினான்.

"பூட்டுதான் வளருது, வெண்டைக்கா வளரல" என்றாள் மனைவி நளினி, நான்காவது பூட்டைப் பார்த்து. "பேசாம பூட்டையே நட்டிருக்கலாம்."

இன்று காலை தண்ணீர் முறை அவர்களுடையது. பம்பைப் போட நளினி முன்னால் போனாள். அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். முகம் கழுவிக்கொண்டு போனபோது அவள் புதினாப் பாத்திக்குக் குறுக்கே கிடந்தாள். தலையின் ஒரு பக்கம் இல்லை. வலது கை முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தது. புடவையைச் சரிசெய்யப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் போலீஸ் முத்திரை வைத்த ஒரு காகிதத்தோடு மதியம் உடலைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

குளிப்பாட்டிய பிறகு பக்கத்து வீட்டு பத்மா வெளியே வந்து சொன்னாள்: "அண்ணா, அந்தக் கை விரியவே மாட்டேங்குது. அது புடிச்சிருந்த முந்தானை ஓரத்த மட்டும் வெட்டிட்டுத்தான் புடவை மாத்தினேன்."

"சரி" என்றான்.

கொட்டகையில் ராக்கப்பனைத் தேக்குக் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். வலது முழங்கை மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அவன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பின் மேஸ்திரி கார்மேகம், அவனை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தான்.

"ஊர்க்காரன்னு வேல வாங்கிக் குடுத்தேன்டா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கேம்ப்புல சோறு திங்கிறது?"

ராக்கப்பன் வாயிலிருந்து ஒரு பல் சட்டையில் விழுந்தது. அவன் அதையே பார்த்தான்.

பத்மாவின் கணவர் உமாபதி கணக்குப் பிரிவில் இருந்தார். குரல் உயர்த்தாதவர். அவர் சட்டையிலும் ரத்தம் தெறித்திருந்தது. சிவசங்கரனின் தோளைத் தொட்டார். "இவன் மாட்டினதச் சொல்ல போலீசுக்கு ஆள் போயிருக்கு. ஜீப் வர்றதுக்குள்ள செய்யறத செஞ்சுக்கோ, சிவா. இங்க யாரும் எதையும் பாக்கல."

வேலிப் பக்கம் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் வாசு ஓடிவந்தான். "சார், துபாய் சுடுகாட்டுல விறகு பத்தாதாம். மலையிலேர்ந்து வர்ற லாரி இன்னும் வரல. கால்வாசிதான் இருக்காம். இருட்டறதுக்குள்ள அங்க போய்ச் சேரணும்."

யாரும் அவனைக் கவனிக்கவில்லை. கார்மேகம் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து சிவசங்கரனிடம் நீட்டினான்.

"இதாலதான் சார் அடிச்சிருக்கான்."

சிவசங்கரன் வாங்கிக்கொண்டான். நுனியில் நீளமான முடி ஒன்று ஒட்டியிருந்தது. ராக்கப்பன் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"அவ எதாவது சொன்னாளா?"

ராக்கப்பன் உதடுகளைச் சேர்க்கப் பார்த்தான். "சொன்னாக."

"என்ன?"

"தாழ்ப்பாள நெம்பிக்கிட்டு இருந்தேன். பின்னால வந்து நின்னாக. 'உடைக்காதப்பா, சாவி தர்றேன்'னாக."

"அப்புறம்?"

"முந்தானை முடிச்ச அவுத்தாக. அதுக்குள்ள நான்... பயந்துட்டேன், சார்."

சிவசங்கரன் எழுந்தான். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். ராக்கப்பன் கண்ணை மூடினான். கடப்பாரை அவன் காதை உரசிப் போய்ப் பின்னாலிருந்த பலகையைப் பிளந்தது. இரண்டாவது அடி அவன் தலைக்கு மேலே. மூன்றாவதில் ஒரு பக்கச் சுவர் முழுதும் சாய்ந்தது. ராக்கப்பன் கால்சட்டையை நனைத்துக்கொண்டு கத்தினான்.

"சிவா!" என்றார் உமாபதி.

"விறகு வேணும்ல?" என்றான் சிவசங்கரன்.

அவன் நிறுத்தவில்லை. ஆணிகள் கத்தின. சிம்பு தெறித்து அவன் புருவம் கிழிந்தது; கை தோலுரிந்து கடப்பாரை வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினான். வாசு பலகைகளை இழுத்து லாரியில் எறிந்தான். பிறகு மற்றவர்களும் இழுத்தார்கள். கதவையும் நிலைச்சட்டத்தையும் பூட்டு விடவில்லை. இரண்டும் ஒன்றாகவே பெயர்ந்து வந்தன.

கடைசியில் வெறும் வெயிலில் கம்பமும், அதில் கட்டிய ஆளும் மிச்சம்.

"அவுத்து விடு" என்றான் சிவசங்கரன்.

"ஓடிருவான், சார்" என்றான் கார்மேகம்.

"கம்பம் தேக்கு. நின்னு எரியும்."

கார்மேகம் அவன் முகத்தைப் பார்த்தான். முடிச்சை அறுத்தான். ராக்கப்பன் ஓடவில்லை. மணலில் சரிந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கம்பத்தைத் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜீப் வந்தது. அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். போலீஸ்காரர் கடப்பாரையைக் கேட்டார். சிவசங்கரன் கொடுத்தான். விரல்கள் அதே வளைவில் நின்றுவிட்டன.

சுடுகாட்டில் வெயில் தாழ்ந்திருந்தது. இருந்த விறகை அடியில் அடுக்கி, அவளைக் கிடத்தி, மேலே பலகைகளை வைத்தார்கள். கம்பம் பக்கவாட்டில் போனது. கடைசியாகக் கதவைத் தூக்கினார்கள்.

உமாபதி குனிந்து அதிலிருந்த பூட்டைப் பார்த்தார். "இரும்பு எதுக்கு? கழட்டிடலாம். சாவி எங்கே?"

பலகைகளுக்கு இடையே அவள் வலது கை தெரிந்தது. மூடிய விரல்களுக்கு வெளியே, வெட்டிய நீலத்துணி ஓரம்.

"தெரியல" என்றான் சிவசங்கரன்.

கதவின் ஒரு முனையை அவனே பிடித்தான். பூட்டு உள்பக்கம் வரும்படி திருப்பி வைத்தான்.