அடுப்பு சிவப்புக்குள், பாய் வெளியே

1

“டீச்சர், எங்க வீட்டு அடுப்பு சிவப்புக்குள்ள இருக்காம். பாய் வெளிய இருக்காம். அப்ப வெள்ளம் வந்தா சோறு மட்டும்தான் நனையுமா?”

ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பில் கிளாரிதா இப்படிக் கேட்டாள். நான் அப்போது நோவாவின் பேழையில் பாதி விலங்குகளைத்தான் ஏற்றி முடித்திருந்தேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது உண்மையான சந்தேகம்.

“ஜெபம் பண்ணுவோம்” என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. இந்தக் கதை அந்த இடத்தில் பிறந்தது. வேறு எந்தப் பெரிய சிந்தனையிலிருந்தும் வந்ததாக நான் காட்டிக்கொள்ளப் போவதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் சான் இலாரியோவின் நகர மன்றம் புது வெள்ள வரைபடத்தை மண்டபச் சுவரில் மாட்டியிருந்தது. ஆற்றின் இரு பக்கமும் சிவப்பு. சிவப்புக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. புயலில் பழுதான வீட்டைச் சரிசெய்யவும் அனுமதி கிடையாது. சிவப்பின் எல்லைக் கோடு ஒரு வீட்டின் மூலையைத் தொட்டாலும் போதும், வீடு முழுவதும் சிவப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். கிளாரிதாவின் அப்பா ஒனோஃப்ரேயின் மூங்கில் வீட்டுக்குள் அந்தக் கோடு சமையல் பக்கத்துக்கும் படுக்கிற பக்கத்துக்கும் நடுவே போயிற்று. கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது. மேலே ஒரு நீலத் தார்ப்பாய் மட்டும். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. கூரை போட அனுமதி இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது—”

(அடித்துவிட்டேன். ஆறு அமைதியாக ஓடுகிற கதைகளில் கொஞ்ச நேரத்தில் யாராவது மூழ்குவார்கள். இதில் யாரும் மூழ்க மாட்டார்கள். அதற்காகக் காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.)

அடுத்தது: “உள்ளாட்சி அமைப்புகள் வெள்ளச் சமவெளிகளை ஒழுங்குபடுத்த அதிகாரபூர்வமான வரைபடங்களை—”

(இது சுற்றறிக்கை. ஆனாலும் இதற்குள் கதைக்குத் தேவையான ஓர் உண்மை இருக்கிறது. மன்றத்தில் கை தூக்கும்வரை வரைபடம் வெறும் வண்ணத் தாள். கை தூக்கிய பிறகு, ஒரு மனிதன் தன் வீட்டுக் கூரையில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அதனிடம் கேட்க வேண்டும்.)

மூன்றாவது: “பெர்பெத்துவா ஒரு நாள் காலை, யாரும் பார்க்காதபோது, கோட்டைக் கொஞ்சம்—”

இந்த வாக்கியத்தை முடிக்க ஆசையாக இருந்தது. முடிக்க விடாதவள் பெர்பெத்துவாதான்.

3

பெர்பெத்துவாவை ஊரில் பெத் என்பார்கள். திட்ட அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக வேலை. சிவப்புக் கோடு அவள் போட்டது.

சின்னச் சின்ன நன்மைகளால்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவள் நான். அதனால் அந்த நன்மையைக் கேட்க நேரிலேயே போனேன்.

“பெத், ஒரு நூல் அளவு தள்ளிப் போட்டா என்னம்மா? பாவம், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு.”

“தாள்லதான் டீச்சர் அது நூல். தரையில ஒரு தெரு.”

“ஒரே ஒரு வீட்டுக்குத்தானே.”

“ஒனோஃப்ரே அண்ணனுக்கு வளைச்சா நாளைக்கு வரிசை கட்டி நிப்பாங்க. முதல் ஆளா யாரு நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க கையில தார்ப்பாய் இருக்காது, வக்கீல் இருப்பாரு.”

“கல் நெஞ்சுடி உனக்கு.”

“இருக்கட்டும். நீங்க கதைல வேணா நகட்டிக்கங்க. என் பேரை மட்டும் அதுல போடாதீங்க.”

பேரைப் போட்டிருக்கிறேன். கோட்டை நகட்டவில்லை. அவள் கேட்டதற்கு இது நேர் எதிர். அவள் விரும்புவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

(ஓர் அடைப்புக்குறி: இங்கே மூத்தவரைக் ‘குயா’ என்றும் ‘ஆத்தே’ என்றும் கூப்பிடுவார்கள். நான் அண்ணே, அக்கா என்றே எழுதுகிறேன். கூப்பிடும்போது குரல் இறங்குவது இரண்டிலும் ஒன்றுதான்.)

4

கருத்துக் கேட்புக் கூட்டம் கூடைப்பந்து மைதானத்துக் கொட்டகையில் நடந்தது. வளையத்துக்குக் கீழே வரைபடம். பிளாஸ்டிக் நாற்காலிகள். கவுன்சிலர் ஃபௌஸ்தோ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மனிதாபிமானத் திருத்தம்’.

“இந்த ஏழையைப் பாருங்க!” என்று ஒனோஃப்ரேயைக் காட்டினார். “மழை வரப்போகுது, தலைக்கு மேல கூரை இல்ல. ஒரு கோட்டை நகட்ட இந்தப் பொண்ணுக்கு மனசு வரல!”

கூட்டம் பெத்தைப் பார்த்தது. நானும் பார்த்தேன், கொஞ்சம் கோபமாகவே.

பெத் எழுந்தாள். “நீங்க நகட்டச் சொல்றது ஒரு வீட்டுக்கு இல்ல, கவுன்சிலரே. ஆத்து வளைவுலேர்ந்து அவர் வீடு வரைக்கும். நடுவுல உங்க மச்சான் மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கிட்டு வர்றாரே, அந்தப் பள்ளமும் வெளிய வந்துடும். அங்க குடோன் எழும்பினா, இப்ப அந்தப் பள்ளத்துல நிக்கிற தண்ணி எங்க போகும்? எதிர்க்கரை வீடுங்களுக்குள்ளதான்.”

ஃபௌஸ்தோ சிரித்தார். “அடுத்த மாசம் உனக்கு வேலை புதுப்பிக்கிற மாசம் இல்லையாம்மா?”

எதிர்க்கரைக்காரர்கள்கூட எழுந்து அவள் பக்கம் வரவில்லை. பெத் வரைபடத்தின் பக்கத்தில் தனியாக நின்றாள்.

அப்போதுதான் ஒனோஃப்ரே எழுந்தார். கையில்லாத பனியன், தோளில் துண்டு.

“கவுன்சிலரே, என் பேரைச் சொல்லிட்டீங்க. நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். என் வீட்டை முன்னால தள்ளிவிட்டு, அது பின்னால ஒளிச்சு உங்க மச்சான் குடோனைக் கொண்டுபோகாதீங்க.”

“யோவ், உனக்காகத்தான்யா பேசிக்கிட்டிருக்கேன்!”

“எனக்காகப் பேசறவரு என்னைக் கேட்டுட்டுல்ல பேசணும்? கோடு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். அந்தப் பொண்ணை விடுங்க.”

“கூரை இல்லாம மழையில உக்காருவியா?”

“உக்காருவேன். குடை இருக்கு.”

பின்வரிசையிலிருந்து அவர் மனைவி சலுத்தின் குரல் வந்தது. “எந்தக் குடை? போன வாரம் தொலைச்சிட்டு வந்து நின்னியே, அந்தக் குடையா?”

கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது ஃபௌஸ்தோவின் திருத்தத்தை வழிமொழிய ஆள் இல்லை. பக்கத்து நாற்காலிக் கவுன்சிலர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். கோடு நின்றுவிட்டது. அதோடு ஒனோஃப்ரேயின் கூரையும் போய்விட்டது.

5

இங்கே நான் நிறுத்திவிட்டேன். ஒனோஃப்ரே மேல் சந்தேகம் வந்துவிட்டது. தன் கூரையைத் தானே வேண்டாம் என்று சொல்லும் ஏழையைக் கதைகளில்தான் பார்க்கிறோம். எனக்கு இது ரொம்ப வசதியாக இருந்தது. வசதியாக இருப்பதை நம்பக்கூடாது. போய்க் கேட்டேன்.

“அண்ணே, ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“அவன் மச்சானோட மண் லாரிதான் டீச்சர் என் சேவலை அடிச்சுது. செவலைச் சேவல். ஒரு மன்னிப்புகூடக் கேக்கல பாவி.”

அவ்வளவு பெரிய செயலுக்கு ஒரு சேவலா? எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பெரிய சீடர் ஒருவர், ஒரு சேவல் கூவியதும் வெளியே போய் மனம் கசந்து அழுததை ஒவ்வொரு வருடமும் கோயிலில் வாசிக்கிறோம். கடவுளுக்குச் சேவல் போதும் என்றால் எனக்கும் போதும்.

நான் கிளம்பும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் பொண்ணு தனியா நின்னுச்சு. பாக்க நல்லால்ல.”

6

முடிவுகள்.

பெத் மனம் இளகி, கோட்டை நகட்டி, எல்லோரும்— (இல்லை. இதை ஏற்கெனவே மறுத்துவிட்டாள்.)

ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து, ஃபௌஸ்தோவின் மச்சான் கொட்டிய மண்ணையெல்லாம்— (இதை மிகவும் ரசித்து எழுதினேன், உண்மையைச் சொல்கிறேன். மறுநாள் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது கிழித்தேன். வெள்ளத்தை என் எடுபிடியாக வைத்துக்கொள்ள மாட்டேன். அது வந்தால் அடித்துப்போவது ஃபௌஸ்தோவை மட்டுமல்ல.)

பங்குத்தந்தையின் உருக்கமான மறையுரையைக் கேட்டு மன்றமே— (எங்கள் பங்குத்தந்தை ஒலிபெருக்கியில் பேசினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.)

உண்மையில் நடந்ததை இவற்றில் எதுவும் எட்டவில்லை. கூட்டம் கலையும்போது சலுத் வரைபடத்துக்கு நேராக நடந்து போனாள்.

“கோடு நகராதுன்ற.”

“நகராதுக்கா” என்றாள் பெத்.

“வீடு நகரக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

பெத் அவளைப் பார்த்தாள். பிறகு வரைபடத்தைப் பார்த்தாள். “பின்னால பன்னிக் கொட்டில் இருக்கிற எடம் உங்களுதுதானே? அது வெளியதான்க்கா இருக்கு.”

“பன்னிக்கு அனுமதி வேணுமா?”

“வேணாம்.”

“அப்ப பன்னி முன்னால, நாங்க பின்னால.”

தாளின் மேலேயே மாதக்கணக்காகக் குனிந்து கிடந்த எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. மூங்கில் வீட்டை அப்படியே தோளில் தூக்கி வேறிடத்தில் வைத்துப் பழகிய ஊர் இது, அதையே மறந்திருந்தோம்.

(கொஞ்சம் பின்னால் போனால் வெள்ளம் வராதா? வரும். பெத்திடம் கேட்டேன். “கோடு தண்ணியை நிறுத்தறதுக்கு இல்ல டீச்சர், நம்மளை நிறுத்தறதுக்கு” என்றாள். நிறுத்த வேண்டியவர்கள் எங்களில் இருந்தார்கள் என்பதைக் கூட்டத்தில் பார்த்தேன்.)

7

சனிக்கிழமை காலையில், கம்பங்கள் மேல் நிற்கும் அந்த வீட்டின் தரைக்கு அடியில் நெடுக்கும் குறுக்குமாக மூங்கில் கட்டினார்கள். எதிர்க்கரையிலிருந்து படகு படகாக ஆள் வந்தது. கவுன்சிலர் ஃபௌஸ்தோவும் வந்தார். அவர் தோள் கொடுத்தாரா, மூங்கிலைச் சும்மா தொட்டுக்கொண்டு நடந்தாரா என்று ஊரில் இன்னும் தர்க்கம் நடக்கிறது. தோள் கொடுத்தார் என்றே நான் எழுதுகிறேன். யாரும் என்னைத் தடுக்க முடியாது.

வீடு எழுந்தது. கால் முளைத்த மாதிரி நடந்தது. பெத் தூக்கவில்லை. கோடு போகும் இடத்தில் கயிறு கட்டிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எறக்கலாமா?”

“இன்னும் போகணும்!”

“முதுகு போச்சும்மா!”

“முன் கால் இன்னும் உள்ள இருக்கு அண்ணே! தள்ளுங்க!”

“கல்யாணம் ஆனா இவ புருசன் செத்தான்டா!”

“அவனையும் அளந்துதான் கட்டிப்பேன். தள்ளுங்க!”

கயிற்றைத் தாண்டித்தான் இறக்கவிட்டாள். அன்று மதியமே கூரைக்கான அனுமதியில் அதிகாரியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். பெரிய சட்டியில் எல்லோருக்கும் பன்சித் நூடுல்ஸ் வெந்தது. யாரோ கிட்டார் வாசித்தார்கள்.

அப்புறம்தான் சலுத் படியில் கால் வைத்தாள். பின்பக்கம் நிலம் மேடு, அதனால் படிக்கட்டு நீளமாகிவிட்டது என்று ஆண்கள் கீழ்ப்படியை அறுத்துவிட்டிருந்தார்கள். இந்த ஊரில் வீட்டுப் படியைப் படிக்கு ஒன்றாக, திரும்பத் திரும்பப் பொன், வெள்ளி, சாவு என்று எண்ணிக்கொண்டு ஏறுவார்கள். கடைசிப் படி சாவில் முடியக்கூடாது.

“பொன்… வெள்ளி… சாவு.”

அதற்கு மேல் படி இல்லை. வாசல். அவள் இறங்கிவிட்டாள்.

கிட்டார் நின்றது. “அறுத்த கட்டையை எடுங்கடா, திரும்ப வெச்சுடலாம்” என்றார் ஒனோஃப்ரே.

எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். அறுத்த படி பன்சித் சட்டிக்கு அடியில் எரிந்து முடிந்திருந்தது.

“நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை பேர் தூக்கி வைத்த வீட்டில் அன்று ஒருவரும் படுக்கவில்லை. “எல்லாம் பைத்தியக்காரத்தனம்டி” என்று சலுத்தைத் திட்டிய ஒனோஃப்ரேயும் ஏறவில்லை. மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் நான் அந்த நம்பிக்கையைக் கண்டித்திருக்க வேண்டும். பாய் விரித்துக் கொடுத்தேன்.

8

ஞாயிறு காலை திருப்பலிக்குப் போகிற வழியில் பார்த்தோம். படிக்கட்டின் அடியில் மண்ணை வெட்டிச் சமமாக்கி, புதிதாக ஒரு படி வைத்திருந்தது. சாயவில்லை, ஆடவில்லை. நல்ல பழைய பலகை. ஓரம் முழுக்க வரிசையாகச் சின்னச் சின்ன ஊசித் துளைகள், தாளை இழுத்துக் குத்திக் குத்தி வைத்த பலகைபோல.

“யாருடி வெச்சது?” என்றார் ஒனோஃப்ரே.

சலுத் குனிந்து அந்தத் துளைகளை விரலால் தடவினாள். “வெச்சவங்களுக்குத் தெரியும். ஏறு.”

பொன், வெள்ளி, சாவு, பொன்.

நல்ல கதையாக இருந்தால் இங்கே ஒரு காட்சி வர வேண்டும். அந்தி சாய்ந்த பிறகு ஒருவர் வந்தது, எந்தப் பக்கமாக வந்தது, முகத்தில் என்ன இருந்தது. உங்களுக்குப் பேர் தெரியும். எனக்கும் தெரியும். கூட்டத்தில் தன்னோடு எழுந்து நின்ற ஒரு மனிதருக்கு, கோட்டில் ஒரு நூல்கூடக் கொடுக்க முடியாத ஒருவர் கொடுத்தது அது. யாரும் பார்க்காத நேரத்தைத் தேடி வந்தவரைப் பார்க்க நான் உங்களை அழைத்துக்கொண்டு போக மாட்டேன். எவ்வளவு கேட்டாலும் எழுத மாட்டேன்.

அங்கே யாரோ மண்ணில் மண்டியிட்டு, பலகை மட்டமாக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்து, கையில் ஒட்டிய சேற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து போகட்டும். நாம் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வோம்.