லுதோவிக் பரேரின் வலது கால்

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கார்ப் பந்தயம் ஓட்டி வயிறு வளர்த்த லுதோவிக் பரேர், அதில் கடைசி ஆறு ஆண்டுகள் வேகமாக ஓட்டாமல் இருப்பதற்குத்தான் சம்பளம் வாங்கினான்.

வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பந்தயத் திடலில் யாரும் சிரிக்க மாட்டார்கள், அங்கே பாதிப் பேரின் பிழைப்பு அதுதான். ஓட்டுநர்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பந்தயச் சம்மேளனம் ஆண்டுதோறும் டிசம்பரில் வேகத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிறது. வெண்கலம் என்றால் வசதியுள்ள ஆர்வலர், கார் ஓடுவதே அவர் செலவில். அவருக்குத் துணையாக இன்னொருவர் ஓட்டலாம், ஆனால் அந்த ஆள் வெள்ளியைத் தாண்டியவராக இருக்கக் கூடாது. ஆகவே எல்லா அணியும் தேடுவது, தங்கம் போல ஓட்டத் தெரிந்த ஒரு வெள்ளியை. அவன் தன் வேகத்தை முழுதாகக் காட்டித் தொலைத்தால் டிசம்பரில் தங்கமாகிவிடுவான். தங்கத்தை யாரும் சீந்த மாட்டார்கள். கார் கம்பெனியே நடத்தும் தொழிற்சாலை அணி எதுவாவது கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து முயல் வளர்க்க வேண்டியதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் லுதோவிக்கைத் தங்கமாக்கப் பார்த்தார்கள். அவனுடைய அணித் தலைவி சொலாஞ்ஜ் புஜோல் அவனை மேசையில் உட்காரவைத்து சம்மேளனத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதவைத்தார். தனக்கு வயதாகிறது, மழை பெய்தால் பயமாக இருக்கிறது, முன்பிருந்த வேகம் இப்போது இல்லை என்று தன் கைப்படவே எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டு பதில் வந்தது. இத்தனை சீக்கிரம் நம்பிவிட்டார்களே என்ற எரிச்சல் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த ஈஸ்டருக்கு நொகாரோ பந்தயத்துக்கு அர்னோ கெர்பிரா வந்திருந்தார். அவருடைய தொழிற்சாலை அணியில் ஓர் இடம் காலி. லுதோவிக் பதினெட்டு வயதிலிருந்து கனவு கண்ட இடம் அது. கெர்பிரா வடமேற்கே பிரெத்தாஞ்ஞ் பகுதியைச் சேர்ந்தவர், அளந்துதான் பேசுவார்.

"உங்க நேரமெல்லாம் பாத்தேன்," என்றார் சனிக்கிழமை. "சுத்துக்கு எல்லாமே ஒரு நிமிஷம் முப்பத்தாறு செகண்ட். எனக்கு முப்பத்தஞ்சுல ஒரு ஆள் வேணும்."

"நான் முப்பத்தஞ்சுதான், முசியே. காட்டக் கூடாதுன்னு இருக்கேன்."

"எல்லா வெள்ளியும் இதைத்தான் சொல்றாங்க. திங்கக்கிழமை ஒரே ஒரு சுத்து காட்டுங்க. மிச்சத்தை அப்புறம் பேசலாம்."

அந்த ஒரு சுற்றைக் காட்டினால் டிசம்பரில் அவன் தங்கம். கெர்பிரா எடுக்காமல் விட்டால் நடுத்தெரு. தெரிந்துதான் முடிவெடுத்தான். முப்பத்து நாலு வயதாகிவிட்டது, இன்னொரு கெர்பிரா வரப்போவதில்லை.

திங்கட்கிழமை காலை காப்பிக் கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்தபடியே மனைவி மைத்தேயிடம் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நல்லா ஓட்டு. சோபால உக்காந்து பந்தயம் பாக்கறப்ப உன் வலது கால் தரையை ஓட்டை போடுது. கீழ் வீட்டுக்காரங்க கேக்கறாங்க. அதைக் கொஞ்சம் கார்லயும் செய்யேன்."

திடலில் சொலாஞ்ஜ் வாத்துக்கறி வைத்த நீள ரொட்டியைக் கடித்துக்கொண்டே வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். ஆறு ஆண்டுகளாக ஒரு வார்த்தை மாறாத பாடம்.

"லுதோ, முப்பத்தாறுக்குக் கீழ போகாத. எல்லா எடத்துலயும் ஒழுங்கா ஓட்டு. பள்ளிக்கூட வளைவுக்கு முன்னாடி மட்டும் கண்ணிமைக்கிற நேரம் மிதியிலேருந்து காலை எடு. பாக்கறவனுக்குத் தெரியாது."

"தெரியும், மதாம்."

"தெரியும்னுதான் உன்னை வச்சிருக்கேன். தெரியாதவன்லாம் இப்ப தங்கமாகி வீட்டுல இருக்கான்."

லுதோவிக் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் அவனுக்கே வெறுப்பு வந்தது.

முதல் பாதியை முசியே கஸ்தேன் ஓட்டினார். ஓஷ் ஊரில் கூரை ஓட்டுத் தொழிற்சாலை வைத்திருக்கிற, தொப்பையும் தங்கமான மனசும் உள்ள வெண்கலம். ஏழாம் இடத்தில் வந்து நிறுத்தி, இருக்கையிலிருந்து தன்னை உருவி எடுத்துக்கொண்டு, உள்ளே ஏறிய லுதோவிக்குக்கு வாரை மாட்டிவிடும்போது ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார்.

"ரெண்டாவது வளைவுல எண்ணெய் கெடக்கு, பாத்துக்க. நான் அதுல ஒரு நடனமே ஆடிட்டு வந்தேன். கைதட்டினாங்க."

லுதோவிக் கிளம்பினான். புது டயர். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் யாருமில்லை. வெயிலும் கடுமையாக இல்லை. பக்கத்து அணியின் இதே ரகக் கார் காலையில் ஒரு நிமிடம் முப்பத்தைந்து புள்ளி மூன்று நொடியில் ஓடியிருந்தது. குறை சொல்ல எதுவுமே இல்லை என்பது அவனுக்குத் தெம்பாக இருந்தது.

டயர் சூடேற இரண்டு சுற்று விட்டான். மூன்றாவதில் காரை விரட்டினான். நேர்பாதையின் முடிவில் கடைசி நொடிவரை பிரேக்கைத் தொடவில்லை. வளைவுகளின் ஓரக்கல்லில் சக்கரம் ஏறிக் குதித்தது. பள்ளிக்கூட வளைவை மிதித்த கால் மிதித்தபடியே கடந்தான், ஆறு ஆண்டுகளில் முதல் தடவையாக. தலைக்கவசத்துக்குள் சிரித்தான். கோட்டைத் தாண்டியதும் திரையில் எண் விழுந்தது: ஒன்று முப்பத்தாறு நான்கு.

திரை பழுது என்று நினைத்தான். அடுத்த சுற்றில் இன்னும் மூர்க்கமாகப் போனான். முப்பத்தாறு நான்கு. அதற்கடுத்து முப்பத்தாறு மூன்று. பிறகு மறுபடியும் நான்கு. காற்றைத் திட்டினான், பெட்ரோல் எடையைத் திட்டினான், டயர் செய்தவனின் பரம்பரையைத் திட்டினான். ஒரு வளைவில் கார் புல்லைத் தொட்டு வந்தது, முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. மொத்தம் பதினோரு சுற்று இப்படி அடித்துப் பார்த்தான். ஒன்றுகூட முப்பத்தைந்தில் வரவில்லை. கடைசிச் சுற்றில் அவனுக்கு அழுகை வந்தது, வாய்விட்டுக் கத்தினான், கத்தலோடு சேர்த்து முப்பத்தாறு நான்கு.

ஆனாலும் நான்கு கார்களைத் தாண்டிவிட்டான். அவர்கள் காரின் வகுப்பில் மூன்றாம் இடம். கஸ்தேன் அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, பரிசாகக் கிடைத்த அர்மாஞ்ஞாக் பிராந்தி போத்தலைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் எண்ணெய் நடனத்தை விவரித்தார்.

கெர்பிரா கழுத்து அட்டையைக் கழற்றியபடி வந்து கைகொடுத்தார்.

"ரொம்ப சீரா ஓட்டுனீங்க. ஒரு தப்பு இல்ல."

"முசியே, கார்ல ஏதோ கோளாறு. இல்லன்னா—"

"இருக்கும்," என்றார் கெர்பிரா, மரியாதையாக. அவர் வாகன நிறுத்தத்தை நோக்கி நடப்பதை லுதோவிக் பார்த்துக்கொண்டே நின்றான்.

கோளாறு நிச்சயம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, அச்செடுத்து, அந்த ஆள் காரைக் கிளப்புவதற்குள் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். அணியின் லாரிக்கு ஓடினான். உள்ளே சொலாஞ்ஜ் மடிக்கணினியில் காரின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் எவ்வளவு மிதித்தான், எங்கே பிரேக் போட்டான் என்று எல்லாமே அதில் கோடுகளாக இருக்கும்.

"வா, வா. உன்னைத்தான் நெனச்சேன்." அவருடைய முகம் மலர்ந்திருந்தது. "நீ காலையில தலையாட்டுன விதமே சரியில்ல. அந்த பிரெத்தாஞ்ஞ்காரனுக்காக இன்னிக்கு வேகத்தைக் காட்டிருவியோன்னு பயந்துட்டேன். மன்னிச்சுக்க."

"காட்டத்தான் பாத்தேன்," என்று சொல்ல வாயெடுத்தான். அவர் திரையைத் திருப்பிவிட்டார்.

பதினோரு சுற்றுகளின் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஆக்ஸிலரேட்டர் மிதியின் கோடு உச்சியிலேயே நேராக வந்து, பள்ளிக்கூட வளைவுக்கு முன்னால் சின்னதாக ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பதினோரு கோடும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்துக்கு.

"அளவு வச்சுத் தச்ச மாதிரி இருக்கு," என்றார் சொலாஞ்ஜ். "வேற எவனுக்கும் இது வராது."

லுதோவிக் அந்தப் பள்ளத்தையே பார்த்தான்.

"நான் காலை எடுக்கல, மதாம்."

"அப்படித்தான் சொல்லணும்."

"நெசமா எடுக்கல. மிதிச்ச கால் மிதிச்சபடிதான் இருந்துச்சு."

சொலாஞ்ஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சம்மேளனத்துக்காரன் வந்து கேட்டாலும் இதே மூஞ்சியோட சொல்லு. அடுத்த வருஷமும் நீதான்." மடிக்கணினியை மூடி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கஸ்தேனின் போத்தலில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க இறங்கிப் போனார்.

வெளியே வாகன நிறுத்தத்தில் ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. லுதோவிக் லாரியின் தகரத் தரையில் வலது காலை ஊன்றி அழுத்தினான். இன்னும் அழுத்தினான், தொடை நடுங்கும்வரை. இப்போது அது சொன்னபடி கேட்டது.